உதவி கேட்டவரின் காகிதம் யாருடைய கைபேசியில்?

பட்டாசு ஆலையில் தீக்காயம் பட்ட ஒருவரின் குடும்பம் பைத்துல்மாலில் மனுக் கொடுக்கிறது. ஆதார் நகல், மருத்துவமனைச் சீட்டு, காயத்தின் புகைப்படம் எல்லாம் அதோடு வரும். கமிட்டியினர் பார்க்க வேண்டுமே என்று அவற்றை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடுவது இப்போது ஊருக்கு ஊர் வழக்கம். இரவுக்குள் அந்தப் படம் பல வீட்டுக் கைபேசிகளின் கேலரியில் ஏறிவிடும். பிள்ளைகள் கேம் விளையாடும் கைபேசிகள் அவை.

அல்பகரா அத்தியாயத்தின் 271ஆம் வசனம் ஏழைக்கு மறைவாகக் கொடுப்பதைச் சிறப்பித்துச் சொல்கிறது. 273ஆம் வசனம், கேட்கக் கூச்சப்படுவதால் அறியாதவர் கண்ணுக்குச் செல்வந்தராகவே தெரியும் ஏழைகளைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே அவர்களுடைய மானமும் நம்மிடம் உள்ள அமானத்தே.

வாட்ஸ்அப் பாதுகாப்பற்றது என்று சொல்ல வரவில்லை. 2016 முதல் அதன் செய்திகள் பூட்டப்பட்டே போகின்றன. இடையில் யாரும் படிக்க முடியாது. சிக்கல் வழியில் இல்லை, போய்ச் சேரும் கைபேசியில் இருக்கிறது.

இதற்கு ஒரு மாற்று, கணினியின் பிரவுசரிலேயே இயங்கும் கன்வர்ஸ் என்ற அரட்டை மென்பொருள். இலவசம், திறமூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தலாம். எதையும் நிறுவ வேண்டாம். வந்த படம் நாமாகச் சேமித்தால் ஒழிய கேலரிக்குப் போகாது. ஆலைக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லாத நம் ஊரில், மேசைக் கணினியில் வேலை செய்பவர்களுக்கும் இது தோது.

கன்வர்ஸ் ஒரு ஜன்னல் மட்டுமே. செய்தியைக் கொண்டுபோவது எக்ஸ்எம்பிபி என்ற முறை. 1999இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கியது. ஒரு காலத்தில் ஜிமெயிலுக்குள் பச்சைப் புள்ளியோடு அரட்டை இருந்ததே, அதுவும் இதைக் கொண்டுதான் ஓடியது. மின்னஞ்சல் முகவரி போலவே பெயர், நடுவில் @, பிறகு சர்வர் என்று கணக்கு அமையும். தொலைபேசி எண் தேவையில்லை என்பதால், குழுவில் உள்ள சகோதரிகளின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது. சர்வரையும் அறக்கட்டளையே வைத்துக்கொள்ளலாம். பிராசடி என்ற திறமூல மென்பொருளைச் சின்ன வாடகை சர்வரில் போட்டால் போதும். கணினி படிக்கும் நம் பிள்ளைகளால் செய்ய முடிந்த வேலை.

நுழையும் பக்கத்தில் ‘இது நம்பகமான கருவி’ என்ற பொருளில் ஒரு சிறு கட்டம் வரும். பலர் அதைப் படிப்பதே இல்லை. அச்சகம், பிரவுசிங் சென்டர் போன்ற பொதுக் கணினியாக இருந்தால் அதிலுள்ள டிக்கை எடுத்துவிட வேண்டும். அப்போது வெளியேறியதும் செய்திகள் அந்தக் கணினியிலிருந்து நீங்கும். ஜன்னலை மூடினால் மட்டும் போதாது, லாக் அவுட் கொடுத்தாக வேண்டும். ஆனால் டிக்கை எடுத்தால் ஒமேமோ என்ற பூட்டு முறை வேலை செய்யாது. ஆகவே மனுதாரர் விவரங்களை அறக்கட்டளை அலுவலகக் கணினியிலோ சொந்தக் கணினியிலோ மட்டும் திறப்பது என்று விதி வைத்துக்கொள்வது நல்லது. குழுவில் ஒமேமோ இயங்க, அது உறுப்பினர்கள் மட்டும் நுழையக்கூடியதாகவும் அவர்களின் முகவரி மறைக்கப்படாததாகவும் இருக்க வேண்டும். பிரவுசரின் சேமிப்பை அழித்தால் சாவியும் போய்விடும். பூட்டிய பழைய செய்திகளை அங்கே படிக்க முடியாது. முடிவுகளை மினிட் புத்தகத்தில் எழுதும் பழைய வழக்கத்தை விட்டுவிட வேண்டாம்.

எலிமென்ட் என்ற இன்னொரு திறமூல மென்பொருளைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். நல்ல மென்பொருள்தான். ஆனால் ஜம்மு காஷ்மீர் பாதுகாப்பைக் காரணம் காட்டி 2023 மே மாதத்தில் மத்திய அரசு முடக்கியதாகச் செய்தி வந்த 14 செயலிகளில் அதுவும் ஒன்று. திறமூல ஆர்வலர்கள் அந்தத் தடையை எதிர்த்தார்கள். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. ஆனாலும் ஓர் அறக்கட்டளை அந்த வம்புக்குள் போக வேண்டியதில்லை. கன்வர்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை.

எந்தப் பூட்டு போட்டாலும், திரையைப் படம் பிடிப்பவரைத் தடுக்க முடியாது. எனவே குழுவில் பெயருக்குப் பதில் மனு எண்ணை எழுதலாம். ஆதார் நகலைப் பதிவேற்றாமல், ‘அலுவலகத்தில் சரிபார்க்கப்பட்டது’ என்ற ஒரு வரி போதும். காயத்தின் படத்தை இருவர் நேரில் பார்த்துக் கையெழுத்திட்டால், அது குழுவுக்கு வரவே தேவையில்லை.