காற்றும் மக்களும் – மன்னார் தரும் பாடம்

காற்று, இறைவன் எல்லோருக்கும் பொதுவாய் அளித்த கொடை. அதிலிருந்து மின்சாரம் எடுத்தால் புகையில்லை, சாம்பலில்லை. அப்படியிருக்க, காற்றாலை வேண்டாமென்று ஓர் ஊரே திரண்டு நிற்பானேன்? இலங்கையின் வடமேற்கேயுள்ள மன்னார்த் தீவைப் பார்த்தால் விடை கிடைக்கும்.

பருவக்காற்று பலமாக வீசும் இத்தீவில், 2020 டிசம்பரில் இலங்கை மின்சார சபையின் 'தம்பபவனி' காற்றாலைகள் திறக்கப்பட்டன. அவை 30, மொத்தத் திறன் 103.5 மெகாவாட். பின்னர் அதானி நிறுவனம் 52 காற்றாலைகள் அமைக்க முன்வந்தது.

மக்களின் முறையீடுகள் மூன்று. முதலாவது, கரையோர மீன்பிடி குறைந்துவிட்டது என்பது. இரண்டாவது, தாழ்ந்த மணற்பூமியான தீவில், கோபுரங்களுக்காக மேடாக்கிய பாதைகள் மழைநீரை மறித்து வெள்ளம் தேங்கச் செய்கின்றன என்பது. மூன்றாவது, பறவைகளைப் பற்றியது. மத்திய ஆசியாவிலிருந்து வலசை வரும் பறவைகளின் வழியில் மன்னார் உள்ளது. அருகிலுள்ள வங்காலைச் சரணாலயம் 2010இல் ராம்சார் ஈரநிலமாக ஏற்கப்பட்டது. பூநாரைகள் கூடும் இடங்களில் சுழலும் இறக்கைகள் ஆபத்தல்லவா?

2024இல் சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்தை நாடின. 2025 பெப்ரவரியில் அதானி நிறுவனம் விலகியது; ஆனால் அதற்குக் காரணம் மின்கட்டணம் பற்றிய பிணக்கே. வேறு காற்றாலைகளின் வேலை தொடங்கவே, 2025 ஆகஸ்டில் மீனவரும் பெண்களும் கத்தோலிக்கக் குருக்களும் வீதிக்கு வந்தனர். அரசு வேலையை ஒரு மாதம் நிறுத்தியது. செப்டெம்பரில், அனுமதி பெற்ற வேலைகள் தொடருமென்றும், இனி மக்கள் சம்மதமின்றித் தீவில் புதிய காற்றாலைகள் இல்லையென்றும் அறிவித்தது.

நாட்டின் தேவையும் பொய்யன்று. 2022இல் இலங்கை ஒரே நாளில் 13 மணிநேர மின்வெட்டைக் கண்டது. எரிபொருள் வாங்கப் பணமின்றித் தவித்த நாட்டுக்குக் காற்று பெருந்துணை. எனவே, காற்றாலை நல்லதா தீயதா என்பதன்று கேள்வி. எங்கே, எத்தனை, யாரைக் கேட்டு என்பதே கேள்வி.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' சுற்றுமடலில், இத்தகைய திட்டங்களைப் பற்றிய பேச்சில் அவ்விடத்து மக்களுக்குத் தனியிடம் வேண்டுமென்று அறிவுறுத்தினார். மன்னார் மக்கள் கேட்டதும் அவ்விடத்தைத்தான். வேலை தொடங்கியபின் கேட்கும் சம்மதம் சம்மதமாகாது.

அன்புத் தோழியரே! நாளை நம்மில் சிலர் பொறியியலாளராகவும் அதிகாரிகளாகவும் வருவோம். வரைபடத்தில் வெற்றிடமாய்த் தெரியும் மணற்கரை, ஒரு குடும்பத்தின் வள்ளம் கரையேறும் இடமாயிருக்கலாம். கோடு போடுமுன் அங்கே சென்று கேட்போம்.