பாலேடு சேர்க்காத காய்கறிச் சௌடர்

சமையல் நூல்களிலும் இதழ்களின் மகளிர் பக்கங்களிலும் 'கிரீம் ஆஃப் வெஜிடபிள் சௌடர்' என்ற பெயரை நம்மில் பலர் பார்த்திருப்போம். காய்கறித் துண்டுகள் நிறைந்த, வெண்மையும் கெட்டியுமான ஒருவகை சூப் அது. படிக்க ஆசையாக இருக்கும். ஆனால் தேவையான பொருட்களின் வரிசையில் 'கிரீம் 200 கிராம்' என்று கண்டதும், இது நமக்கானதன்று என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம். கிரீம் என்னும் பாலேடு விலை கூடிய பொருள். அதுவும் நம் கொடுமுடி வெயிலில், குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஒருநாள் கூடத் தாங்காது.

ஆகவே இந்தப் பாடத்தில் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். சௌடருக்குப் பாலேடு உண்மையில் தேவைதானா? தேவையில்லை என்றால், அது செய்யும் வேலையை நம் அடுப்படியில் எந்தப் பொருள் செய்யும்?

பாலேட்டின் கணக்கு

முதலில் சிறிது கணக்குப் போடுவோம். கடைகளில் விற்கும் கிரீமில் ஏறத்தாழ நூற்றுக்கு 25 பங்கு கொழுப்பு உண்டு. 200 கிராம் கிரீமில் 50 கிராம் கொழுப்பு. எருமைப்பாலில் நூற்றுக்கு 6 பங்கு கொழுப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு லிட்டரில் இருப்பது 60 கிராம். அதாவது, ஐந்து பேர் குடிக்கும் ஒரு சட்டிச் சூப்புக்காக ஒரு லிட்டர் எருமைப்பாலின் கொழுப்பு முழுவதையும் ஏறக்குறைய எடுத்துவிடுகிறோம்.

எருமையோ பசுவோ வளர்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதன் பொருள் உடனே விளங்கும். கூட்டுறவுப் பால் சங்கத்தில் பாலின் அளவை மட்டும் பார்த்துப் பணம் தருவதில்லை. கொழுப்பு எவ்வளவு, கொழுப்பு நீங்கிய ஏனைய திடப்பொருள் எவ்வளவு என்று சோதித்தே விலை போடுகிறார்கள். ஏடெடுத்த பாலுக்கு அந்த விலை கிடைக்காது. நோட்டுப் புத்தகத்துக்கும் பேருந்துக் கட்டணத்துக்கும் பால் பணத்தை நம்பியிருக்கும் வீட்டில், பாலேடு என்பது சுவைக்காகக் கரண்டியால் அள்ளிப் போடும் பொருளன்று. அது வீட்டு வரவு செலவுக் கணக்கைச் சேர்ந்தது.

சௌடரின் பிறப்பு

பாலேடு இல்லாமல் செய்தால் அது உண்மையான சௌடர் ஆகுமா என்று சிலர் கேட்கலாம். அதற்கு வரலாறே விடை தருகிறது. 'சௌடர்' என்ற சொல், கொப்பரையைக் குறிக்கும் 'ஷோதியேர்' என்ற பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது என்பது பலருடைய கருத்து. வட அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் மீனவரும் கப்பல்காரரும் இதைச் சமைத்து உண்டனர். 1751ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரச் செய்தித்தாள் ஒன்றில் இதன் செய்முறை வெளிவந்தது. அச்சில் வந்த மிகப் பழைய சௌடர் குறிப்புகளுள் அது ஒன்று. அதில் வெங்காயமும் பன்றி இறைச்சியும் மீனும் வாசனை இலைகளும் வருகின்றன. பாலும் இல்லை, பாலேடும் இல்லை. அப்படியானால் கெட்டித்தன்மை எப்படி வந்தது? ஊறவைத்த கப்பல் பிஸ்கோத்தை அடுக்கடுக்காகப் போட்டார்கள். கோதுமை மாவால் செய்த அந்தக் கடினமான பிஸ்கோத்து குழம்பில் கரைந்து அதைக் கெட்டியாக்கியது. பாலும் உருளைக்கிழங்கும் பிற்காலத்தில் வந்து சேர்ந்தவை.

கையில் இருந்த தானியத்தைக் கொண்டு குழம்பைத் திடமாக்கினார்கள் என்பதே இதன் சாரம். ஆகவே, பாலேடு இல்லாத சௌடரைக் குறைபட்ட சௌடர் என்று எண்ண வேண்டியதில்லை.

கெட்டித்தன்மை எங்கிருந்து வருகிறது?

பாலேட்டில் நாம் விரும்புவது இரண்டு குணங்களை. ஒன்று, கரண்டியில் ஒட்டி மெதுவாக வழியும் கெட்டித்தன்மை. மற்றொன்று, நாவில் படும் வழவழப்பு. இவ்விரண்டையும் தனித்தனியே பெற முடியும்.

கெட்டித்தன்மையைத் தருவது மாவுச்சத்து. அரிசி, உருளைக்கிழங்கு முதலியவற்றில் மாவுச்சத்து நுண்ணிய மணிகளாக உள்ளது. ஏறத்தாழ 60 முதல் 70 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருக்கத் தொடங்குகின்றன. சுற்றியுள்ள நீர் அசைய இடமின்றித் தடித்துப்போகிறது. கஞ்சி கெட்டியாவதும் களி இறுகுவதும் இந்த ஒரே காரணத்தால்தான்.

வழவழப்பைத் தருவது, நீரில் மிக நுண்ணிய துளிகளாகப் பரவி நிற்கும் கொழுப்பு. பாலேட்டில் அது இருப்பது போலவே தேங்காய்ப்பாலிலும் இருக்கிறது. ஊறவைத்து நைய அரைத்த நிலக்கடலையிலும் இருக்கிறது.

நம் அடுப்படியில் உள்ள வித்தைகள்

இவை நமக்குப் புதியவை அல்ல. கொங்கு நாட்டுக் கீரைக் கடைசலையும் கத்தரிக்காய்க் கடைசலையும் எண்ணிப் பாருங்கள். வெந்ததை மண்சட்டியில் இட்டு மத்தால் கடைந்ததுமே அது கூழ்போல ஒன்றுகூடிவிடுகிறது. சந்தகைக்குத் தேங்காய்ப்பால் ஊற்றி உண்பதும் நம் வீட்டு வழக்கமே. திருநெல்வேலியில் மாப்பிள்ளைச் சொதி என்று ஒன்று உண்டு. கலியாண வீட்டில் மணமக்களுக்குச் செய்யும் விருந்தில் இடம்பெறுவது. பாசிப்பருப்பையும் காய்கறிகளையும் தேங்காய்ப்பாலில் வேகவைத்துச் செய்வார்கள். யாழ்ப்பாணத்தில் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கரைத்து, மீனும் நண்டும் காய்கறியும் சேர்த்துக் கூழ் காய்ச்சுவார்கள். மீனவரின் பழைய சௌடருக்கு இந்தக் கூழ் நெருங்கிய உறவு என்றே சொல்லலாம்.

கடைசலிலிருந்து மத்தையும், சொதியிலிருந்து பருப்பையும் தேங்காய்ப்பாலையும் எடுத்துக்கொண்டு நமது சௌடரைச் செய்வோம்.

தேவையான பொருட்கள் (ஐந்து பேருக்கு)

உருளைக்கிழங்கு – 400 கிராம் (நடுத்தர அளவில் 4)
பாசிப்பருப்பு – 3 மேஜைக்கரண்டி
கேரட் – 1
பீன்ஸ் – 8
இளம் மக்காச்சோளக் கதிர் – 1
சின்ன வெங்காயம் – 10
பூண்டு – 3 பல்
தேங்காய்த் துருவல் – 1 கோப்பை
கடலெண்ணெய் – 1 மேஜைக்கரண்டி
மிளகுத்தூள் – அரைத் தேக்கரண்டி
உப்பு, கொத்தமல்லித்தழை – தேவையான அளவு

(இங்கே டம்ளர் என்பது 200 மில்லி கொள்வது.)

செய்முறை

1. தேங்காய்த் துருவலில் அரை டம்ளர் வெந்நீர் விட்டு அரைத்துப் பிழிந்து, முதற்பாலைத் தனியே மூடி வைக்கவும். சக்கையில் மேலும் 2 டம்ளர் வெந்நீர் விட்டு அரைத்து இரண்டாம் பாலை எடுக்கவும்.

2. இரண்டு உருளைக்கிழங்குகளைத் தோல் நீக்கி நறுக்கி, கழுவிய பாசிப்பருப்புடன் 2 டம்ளர் நீரில் குழைய வேகவிடவும். வெந்ததும் சூட்டோடு மத்தால் கடையவும்.

3. மீதி இரண்டு உருளைக்கிழங்குகளையும், கேரட், பீன்ஸ் ஆகியவற்றையும் சுண்டுவிரல் நுனி அளவுத் துண்டுகளாக நறுக்கவும். சோளக்கதிரிலிருந்து மணிகளை உதிர்க்கவும்.

4. அடிகனமான பாத்திரத்தில் எண்ணெயைக் காயவைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயத்தையும் பூண்டையும் வதக்கவும். கண்ணாடிபோல ஆனால் போதும். சிவந்தால் சௌடரின் வெண்மை கெடும்.

5. காய்கறிகளையும் சோளமணிகளையும் இட்டு ஒரு நிமிடம் புரட்டி, இரண்டாம் பாலை ஊற்றி, உப்புச் சேர்த்து, சிறு தீயில் வேகவிடவும். காய் வேக வேண்டும், ஆனால் குழையக் கூடாது.

6. கடைந்த உருளைக்கிழங்கு, பருப்புக் கலவையை இதில் சேர்த்து ஐந்து நிமிடம் கொதிக்கவிடவும். கரண்டியின் முதுகில் மெல்லிய படலமாக ஒட்டினால் பதம் சரி.

7. தீயை நன்கு தணித்து முதற்பாலை ஊற்றிக் கலக்கவும். ஓரங்களில் நுரை கூடும்போதே இறக்கிவிடவும். மிளகுத்தூளும் கொத்தமல்லித்தழையும் தூவவும்.

ஏன், எதற்கு?

மிக்ஸி இருக்க மத்து எதற்கு என்று மாணவியர் கேட்கக்கூடும். உருளைக்கிழங்கை மிக்ஸியில் வேகமாக அரைத்தால் அதன் செல்கள் மிகுதியாக உடைந்து, உள்ளிருக்கும் மாவுச்சத்து வெளிவந்து பசைபோல இழுபடும். மத்து அதை மசிக்குமே தவிர அவ்வளவு சிதைக்காது. இந்த வேலைக்கு அப்பத்தாவின் மத்தே ஏற்ற கருவி.

முதற்பாலைக் கடைசியில் சேர்ப்பது ஏன்? தேங்காய்ப்பாலின் எண்ணெய்த் துளிகளைப் பிரித்து வைத்திருப்பது அதிலுள்ள புரதம். கடுங்கொதியில் புரதம் திரைந்துவிட, எண்ணெய் ஒன்றுசேர்ந்து மேலே மிதக்கும். அதனால்தான் சொதி செய்பவர்களும் முதற்பாலை ஊற்றியபின் கொதிக்கவிடுவதில்லை.

சௌடர் நீர்த்துவிட்டால் ஒரு தேக்கரண்டி அரிசி மாவு போதும். அதைக் குளிர்ந்த நீரில் கரைத்தே ஊற்ற வேண்டும். உலர்ந்த மாவைக் கொதிக்கும் நீரில் தூவினால், வெளிப்புற மாவு உடனே பசையாகி உள்மாவை மூடிக்கொள்ளும். கட்டி கட்டியாகத் திரள்வது இதனால்தான். இரண்டு கிண்ணங்களில் வெந்நீரும் குளிர்ந்த நீரும் எடுத்து, இரண்டிலும் மாவைப் போட்டுக் கலக்கிப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

தேங்காய் இல்லாத நாளில் வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 20 கிராமை ஊறவைத்து மைய அரைத்து, ஆறாம் படியிலேயே சேர்த்துக் கொதிக்கவிடலாம். காய்களை அப்போது வெறும் நீரில் வேகவைத்துக்கொள்ளலாம். 20 கிராம் நிலக்கடலையில் ஏறத்தாழ 5 கிராம் புரதமும் 10 கிராமுக்குச் சற்றுக் குறைவான கொழுப்பும் உண்டு. நிலக்கடலை ஒவ்வாதவர்கள் வீட்டில் இருந்தால் இம்முறையைத் தவிர்க்க வேண்டும். காய்ச்சிய பால் ஒரு டம்ளர் சேர்ப்பதும் உண்டு. அப்படியானால் தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புப் பொருள் எதுவும் கூடாது, பால் திரிந்துவிடும்.

பாலேடு சேர்க்கவில்லை என்பதால் இதில் கொழுப்பே இல்லை என்று கருதிவிடக் கூடாது. தேங்காயிலும் கொழுப்பு உண்டு. சொன்ன அளவோடு நிறுத்துவது நல்லது. ஆறினால் சௌடர் மேலும் இறுகும். அப்போது சிறிது வெந்நீர் விட்டு மெல்லச் சூடாக்கலாம். தேங்காய்ப்பால் சேர்ந்தது விரைவில் கெடும் என்பதால், காலையில் செய்ததை இரவுவரை வைக்காமல் அன்றைக்கே சூட்டோடு உண்டு முடிப்பதே முறை.

கடைசிக் கரண்டி

கெட்டியான சூப்பில் இன்னொரு நன்மையும் உண்டு. நீர்த்த சூப்பில் காய்த்துண்டுகள் அடியில் தங்கிவிடும். பரிமாறுபவர் தம் பிள்ளைகளுக்கு அடியிலிருந்து அள்ளி அள்ளி ஊற்றிவிட்டு, கடைசியில் வெறும் நீரைத் தமக்கு வைத்துக்கொள்வார். பல வீடுகளில் அவர் யார் என்பதை நாம் அறிவோம். மாவுச்சத்தால் தடித்த சௌடரில் துண்டுகள் எளிதில் அடியில் இறங்குவதில்லை. முதல் கரண்டியில் வருவதே ஏறக்குறையக் கடைசிக் கரண்டியிலும் வரும்.

வரும் விடுமுறையில் மாணவியர் இதை வீட்டில் செய்து பார்க்கலாம். செய்தபின் ஐந்து கிண்ணங்களை வரிசையாக வைத்து ஒரே அளவாக ஊற்ற வேண்டும். முதல் கிண்ணத்தை அன்று அம்மாவிடம் கொடுங்கள்.