‘இது என் வேலை இல்லை’ என்று சொல்லத் தெரிந்த நிரல்

பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி கடலைச் சேருமுன் எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டுகிறது. அரியநாயகிபுரத்தில் கோடகன் கால்வாய்க்கும் சுத்தமல்லியில் நெல்லை கால்வாய்க்கும் தண்ணீர் திரும்புகிறது. அந்தந்த அணை தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மிச்சம் கீழே போகும். அப்பாச்சே வெப் சர்வருக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான்.

பிரௌசரிலிருந்து வரும் ஒவ்வொரு கோரிக்கையும் பல கட்டங்களைக் கடக்கிறது. முகவரியைக் கோப்போடு பொருத்துவது, ஆளை அடையாளம் காண்பது, அனுமதி பார்ப்பது, பதில் தருவது, கடைசியில் லாக் எழுதுவது. ஒவ்வொரு கட்டத்திலும் ஹூக் என்ற கொக்கி உண்டு. அதில் நாம் மாட்டுகிற சி நிரல்தான் மாட்யூல். 1995 டிசம்பரில் வெளிவந்த அப்பாச்சே 1.0-விலேயே இந்த மாட்யூல் அமைப்பு இருந்தது. பிறர் தங்கள் தேவையைத் தாங்களே எழுதிச் சேர்க்க முடிந்ததும் அந்தச் சர்வர் வேகமாகப் பரவ ஒரு காரணம்.

நம் பக்கத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் ஃப்ரேம்வொர்க்கோடு நின்றுவிடுகிறார்கள். அதற்குக் கீழே என்ன ஓடுகிறது என்று நேர்காணலில் கேட்டால் மௌனம். ஒரு மாதம் ஒதுக்கி ஒரே ஒரு மாட்யூல் எழுதுங்கள். அந்த மௌனம் கலைந்துவிடும். சாதாரண லேப்டாப்பும் உபுண்டுவும் போதும்.

அப்பாச்சேவோடு ‘அப்பாச்சே2-டெவ்’ பேக்கேஜையும் நிறுவுங்கள். ஏபிஎக்ஸ்எஸ் என்ற கருவி அதோடு வரும். உங்கள் சி கோப்பைக் கம்பைல் செய்து, உரிய இடத்தில் வைத்து, சர்வர் அதை ஏற்றிக்கொள்ளும் வரியையும் அதுவே எழுதித் தரும். முதல் மாட்யூல் ‘வணக்கம்’ என்று மட்டும் பதில் சொல்லட்டும். பதிலின் வகையைக் குறிக்கும்போது யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்துக் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் தமிழ் எழுத்து குப்பையாகத் தெரியலாம்.

இங்கேதான் முதல் பாடம். பதில் தரும் ஃபங்ஷனை ஹேண்ட்லர் என்பார்கள். உங்கள் ஹேண்ட்லரின் முதல் வரி, வந்த கோரிக்கை தனக்கானதுதானா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் ‘டிக்ளைன்ட்’ என்று திருப்பிவிட வேண்டும். இந்த வரியை மறந்தவரின் மாட்யூல் தளத்தின் மொத்தக் கோரிக்கைகளுக்கும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கும், ஆற்றையே ஒரு கால்வாய்க்குள் திருப்பிவிட்ட மாதிரி. எழுதத் தெரிந்தவர் பலர். விடத் தெரிந்தவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

அடுத்தது கான்ஃபிகரேஷன். பலர் இதை இரண்டாந்தர வேலையாக நினைப்பது எனக்கு வருத்தம், ஏனென்றால் மாட்யூலைப் பயன்படுத்துகிறவர் பார்ப்பது இதை மட்டுமே. ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று ஓர் அமைப்பு வைக்கிறீர்கள். முழுத் தளத்துக்கும் ஆன், ஒரு டைரக்டரிக்கு மட்டும் ஆஃப் என்று நிர்வாகி எழுதுகிறார். மேலே உள்ளதையும் கீழே உள்ளதையும் இணைக்கும் மெர்ஜ் ஃபங்ஷனை நீங்கள்தான் எழுத வேண்டும். ஆரம்ப மதிப்பாகப் பூஜ்யத்தை வைத்தால் ‘ஆஃப் என்று சொன்னார்’, ‘ஒன்றுமே சொல்லவில்லை’ என்ற இரண்டும் ஒன்றாகிவிடும். மைனஸ் ஒன்றை வையுங்கள். இந்த ஒரு விஷயத்தை நேர்காணலில் தெளிவாகச் சொன்னால், இவர் கையால் செய்து பார்த்தவர் என்று எதிரில் இருப்பவருக்குப் புரிந்துவிடும்.

நினைவகத்தில் கவனம் வேண்டும். ஒவ்வொரு கோரிக்கைக்கும் பூல் என்ற நினைவகத் தொகுப்பு உண்டு. கோரிக்கை முடிந்ததும் அது தானாகவே காலியாகும். அதில் எடுத்த இடத்தின் பாயிண்டரை நிரந்தர இடத்தில் சேமித்தால் சர்வர் எப்போது விழும் என்று சொல்ல முடியாது. நான் வேறொரு தப்பைச் செய்தேன். வருகையை எண்ண ஒரு ஸ்டாட்டிக் மாறியை வைத்தேன். என் லேப்டாப்பில் கணக்கு சரியாக வந்தது. பல பிராசஸ்களும் த்ரெட்களும் ஓடிய சர்வரில் ஒவ்வொரு பிராசஸும் தனிக் கணக்கு வைத்திருந்தது, அதுவும் பிசகிப் பிசகி. அதைக் கண்டுபிடிக்க இரண்டு இரவுகள் போயின. அன்றிலிருந்து ஒரே ஆளாகச் சோதிப்பதில்லை. அப்பாச்சேவோடு வரும் ‘ஏபி’ கருவியால் ஒரே நேரத்தில் நூறு கோரிக்கை அனுப்பிப் பார்த்த பிறகுதான் நம்புகிறேன். விழுந்தால் சர்வரை ஒற்றைப் பிராசஸாக ஓட்டி ஜிடிபி என்ற டீபக்கரில் பாருங்கள். சர்வரை மறுதொடக்கம் செய்யும் முன், கான்ஃபிகரேஷனைச் சரிபார்க்கும் கான்ஃபிக்டெஸ்ட் கட்டாயம்.

என்ஜின்எக்ஸ் என்ற இன்னொரு வெப் சர்வருக்கு அடுத்த மாதம் போகலாம். 2016-இல் வந்த 1.9.11 பதிப்பிலிருந்து அதிலும் மாட்யூலைத் தனியாக ஏற்றலாம். ஆனால் சர்வரின் பதிப்போடு பொருந்தும்படி கம்பைல் செய்யாவிட்டால் சர்வர் அதை ஏற்க மறுக்கும். அங்கே வொர்க்கர் என்ற ஒரே பிராசஸ் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்கிறது. உங்கள் நிரல் டேட்டாபேஸ் பதிலுக்காக ஒரு நொடி காத்து நின்றால் அத்தனை பேரும் நிற்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெட்டர் சேர்ப்பதற்கும் முகவரி மாற்றுவதற்கும் சொந்த மாட்யூல் வேண்டாம். அதற்கான மாட்யூல்கள் ஏற்கெனவே இருக்கின்றன. சிறு தர்க்கத்துக்கு லூவா மொழியில் ஒரு ஸ்கிரிப்ட் போதும். எப்போது எழுதக்கூடாது என்று சொல்பவருக்கு மதிப்பு கூடுதல்.

‘மாட்யூல் டெவலப்பர்’ என்ற பெயரில் விளம்பரம் அரிதாகத்தான் வரும். பிளாட்ஃபார்ம் இன்ஜினியர், சிஸ்டம்ஸ் இன்ஜினியர், எஸ்ஆர்இ (சைட் ரிலையபிலிட்டி இன்ஜினியர்), வெப் பாதுகாப்பு என்று தேடுங்கள். ஹோஸ்டிங், சிடிஎன், மென்பொருள் தயாரிப்பு நிறுவனங்களுக்கு இந்த ஆட்கள் தேவை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போய்த்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சிற்றாற்றின் கரையில் இருக்கும் தென்காசியில் 2011 முதல் சோஹோ இருக்கிறது. கங்கைகொண்டானில் எல்காட் பூங்கா இருக்கிறது. விண்ணப்பத்தில் சான்றிதழ்களின் பட்டியலுக்குப் பதில் உங்கள் மாட்யூலின் நிரல், அதை நிறுவும் முறை, சோதனை முடிவு மூன்றையும் பொதுவெளியில் வைத்து அதன் முகவரியைக் கொடுங்கள். எங்கே அது விழுந்தது, எப்படிச் சரிசெய்தீர்கள் என்பதையும் அதிலேயே தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி வையுங்கள். நான் ஆள் எடுக்க உட்காரும்போது முதலில் படிப்பது அந்தப் பக்கத்தைத்தான்.