தகுந்த வேகம் எது?

வண்டியோட்டும் அன்பர் ஒருவரை, "இத்துணை வேகம் தகுமோ?" என வினவினால், "இருபதாண்டாக ஓட்டுகிறேன், ஒரு கீறலும் விழுந்ததில்லை" என்பார். அவ்விடை பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

பெங்களூரையும் மைசூரையும் இணைக்கும் விரைவுச் சாலை 2023 மார்ச் 12ஆம் நாள் திறந்து வைக்கப்பட்டது. சாலை அகன்றது; ஓட்டுவோர் அச்சம் அகன்றது; வேகம் மிகுந்தது. அவ்வாண்டின் முற்பாதியிலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் அச்சாலையில் மாண்டனர். பின்னர்க் காவல் துறையினர் வேகமானிக் கருவிகளுடன் கண்காணித்தனர். ஆகஸ்டு 1 முதல் இருசக்கர வண்டிகளும் ஆட்டோக்களும் டிராக்டர்களும் முதன்மைப் பாதையினின்று விலக்கப்பட்டன. மறு ஆண்டில் சாவுகள் வெகுவாகக் குறைந்தன.

சுவீடன் நாட்டில் 1967 செப்டம்பர் 3ஆம் நாள் போக்குவரத்து இடப்புறத்தினின்று வலப்புறத்திற்கு மாற்றப்பட்டது. விபத்துகள் பெருகுமென்று பலர் அஞ்சினர். ஆனால் அவை குறைந்தன. அஞ்சியவர் மெல்ல ஓட்டினர். புதுமை பழகியபின் விபத்துகளும் பழைய அளவிற்கே மீண்டன.

இவற்றால் அறிவது யாது? மனிதன் தன் வேகத்தை உள்ள ஆபத்தைக் கொண்டு அளப்பதில்லை. தான் உணரும் அச்சத்தைக் கொண்டே அளக்கிறான். அனுபவமோ அவ்வச்சத்தைத் தேய்க்கிறது. வளைவொன்றில் நூறு முறை விரைந்தும் எதிரே எவரும் வரவில்லையெனில், "இவ்வேகம் தகும்" என மனம் முடிவு கட்டுகிறது. மெய்யாக அறிந்தது, நூறு முறையும் எவரும் வரவில்லை என்பது மட்டுமே. கண்ணும் ஏமாற்றும். நெடுநேரம் விரைந்தவர் கெங்கேரி அருகே நகருள் நுழைகையில், அறுபது கிலோமீட்டர் வேகமும் அவருக்கு ஊர்வதாகவே தோன்றும்.

ஆதலின் உணர்வை விடுத்துக் கணக்கைக் கொள்க. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 28 மீட்டர் செல்லும். தடையைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆயின், அதற்குள் 42 மீட்டர் கடந்துவிடும். அதன்பின்னரே வேகம் தணியத் தொடங்கும். வேகம் இரட்டித்தால், பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். மழைநாளில் இன்னும் நீளும்.

கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் தூரத்திற்குள் நிறுத்தக்கூடிய வேகமே தகுந்த வேகம். "இதுவரை என்ன நேர்ந்தது?" என்பது தேர்ந்த ஓட்டுநரின் கேள்வியன்று. "அவ்வளைவிற்கு அப்பால் ஒரு குழந்தை நின்றால்?" என்பதே அவர் கேள்வி. இருபதாண்டுப் பழக்கம் அக்கேள்வியை மறக்கச் செய்யுமாயின், அது அனுபவம் ஆகாது.