காவல் நாய்க்குட்டி தெரிதல்: வளர்ந்தபின் அதன் பருமனை முன்னரே மதிப்பிடும் முறை

வயலும் மரக்கறித் தோட்டமும் செய்யும் கமக்காரருக்கு இரவுக் காவல் பெரும் பாரமாகும். மரவள்ளி, வற்றாளை, நிலக்கடலை ஆகியவற்றைக் காட்டுப்பன்றி ஓரிரவிற் கிளறி அழித்துவிடும். எஞ்சிய கிழங்கை முள்ளம்பன்றி தேடி வரும். ஆதலாற் பலர் நாய் வளர்க்கின்றனர். ஆயினும் குட்டியைத் தெரியும்போது, அது வளர்ந்தபின் எவ்வளவு பெரிதாகும் என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

இப்பிழையால் வரும் தீங்கு சிறிதன்று. எமது பிரிவிற் கமக்காரர் ஒருவர் அல்சேஷன் இனக் குட்டியொன்றை உமலில் வைத்து மகிழ்ச்சியோடு கொண்டுவந்தார். ஓராண்டின் பின் அதற்குத் தீனி கொடுக்க இயலாது இடர்ப்பட்டார். நாய் விலாவெலும்பு தெரிய மெலிந்தது. முடிவில் அதை வேறொருவரிடம் ஒப்படைத்தார். இவ்வாறு ஒப்படைக்க ஆளில்லாதபோது நாய்கள் தெருவில் விடப்படுகின்றன. தடுப்பூசி பெறாது அலையும் நாயே விசர்நோயைப் பரப்பும் வாயிலாகும். எனவே குட்டியின் எதிர்காலப் பருமனை முன்னரே மதிப்பிடுதல் கமக்காரருக்கும் ஊருக்கும் நன்மையாம்.

1. பெற்றோரைப் பார்த்தல்

எந்த வயலில் விளைந்ததென்று கேளாது விதைநெல் வாங்குவார் இல்லை. குட்டிக்கும் இதுவே விதி. தாயையும், இயலுமாயின் தந்தையையும் நேரிற் பாருங்கள். குட்டியின் முழுப் பருமன் பெரும்பாலும் இவ்விரண்டின் அளவையொட்டியே அமையும். கடுவன் பெட்டையிலும் பார்க்க நிறையில் நூற்றுக்கு 10 முதல் 20 பங்கு வரை கூடியிருத்தல் வழக்கம். ஊர்ப் பெட்டை ஒரே ஈற்றில் இரு கடுவன்களுக்குக் குட்டி ஈனுவதும் உண்டு. ஆகையால் ஓர் ஈற்றுக் குட்டிகள் எல்லாம் ஒரே அளவாக வளருமென்று கொள்ளலாகாது.

2. வளர்ச்சிக் காலம்

பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல். நாய்களிலும் இத்தகைய வயது வேறுபாடு உண்டு. சிறிய இனங்கள் 8 முதல் 10 மாதத்தில் வளர்ந்து முடியும். நடுத்தர இனங்களுக்கும் எமது ஊர்நாய்களுக்கும் ஏறக்குறைய 12 மாதம் வேண்டும். அல்சேஷன் போன்ற பெரிய இனங்கள் 15 முதல் 18 மாதம் வரை வளரும். கால் எலும்புகளின் நுனியிலுள்ள மென்மையான குருத்தெலும்பு கடினமானவுடன் உயரம் நின்றுவிடும். அதன்பின் தசை மட்டுமே சிறிது கூடும்.

3. நிறுத்துக் கணக்கிடுதல்

நெல் மூடை நிறுக்கும் பெருந்தராசு குட்டிக்கு ஒவ்வாது. மரக்கறி நிறுக்கும் தொங்கு தராசிற் கூடையோடு நிறுத்து, கூடையின் நிறையைக் கழித்துவிடுக. தீன் கொடுக்குமுன் நிறுத்தல் நன்று.

நடுத்தரப் பருமனுள்ள நாய் 16 கிழமையில், அதாவது ஏறக்குறைய நான்கு மாதத்தில், தன் முழு நிறையிற் பாதியை எய்தும். எனவே 16 கிழமை நிறையை இரண்டாற் பெருக்குக. உதாரணமாக, ஊர்க்குட்டி ஒன்று 16 கிழமையில் 7 கிலோ நிறுப்பின், வளர்ந்தபின் ஏறக்குறைய 14 கிலோ நிறுக்கும். சிறிய இனங்கள் பாதி நிறையை மூன்று அல்லது மூன்றரை மாதத்திலும், பெரிய இனங்கள் நாலரை முதல் ஐந்து மாதத்திலும் எய்தும்.

சிலர் நிறையைக் கிழமைக் கணக்கால் வகுத்து 52 ஆற் பெருக்குவர். மேற்கூறிய குட்டிக்கு இம்முறை 22 கிலோவுக்கு மேற் காட்டும். குட்டி ஆண்டு முழுவதும் ஒரே வேகத்தில் வளரும் என்ற எண்ணமே இப்பிழைக்குக் காரணம். உண்மையில் முதல் மாதங்களில் விரைந்தும் பின்னர் மெதுவாகவுமே வளரும்.

4. ஏமாற்றும் அடையாளங்கள்

பாதம் பெரிதாயின் நாயும் பெரிதாகும் என்பர். இது சிலவேளை பொருந்தும். இதனை மட்டும் நம்பலாகாது. பருத்த வயிறு கொழுமையின் அடையாளமன்று. பெரும்பாலும் அது குடற்புழுவின் அடையாளம். கருத்தடை செய்தால் நாய் குறளாகும் என்பதும் தவறு.

5. வளர்ச்சி குன்றாது காத்தல்

நல்ல விதையும் பசளையின்றிக் குன்றும். குட்டியை எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்கவேண்டாம். வட்டப்புழு தாயின் வயிற்றிலும் பாலிலும் இருந்தே குட்டிக்குத் தொற்றுவதால், இரண்டாங் கிழமை தொடங்கிக் கால்நடை வைத்தியர் கூறும் ஒழுங்கிற் பூச்சி மருந்து கொடுக்க வேண்டும். வெறுஞ் சோறு போதாது. மீன், முட்டை, அவித்த பருப்பு ஆகியவற்றைச் சேர்த்து நாளொன்றுக்கு மூன்று நான்கு முறை சிறிது சிறிதாகக் கொடுங்கள். வெங்காயம் நாய்க்கு நஞ்சு. வெங்காயக் கறி கலந்த சோற்றைத் தவிர்க்கவும். கிருமிநாசினி தெளித்த தோட்டத்திற் குட்டியை விடலாகாது.

6. எத்தகைய நாய் வேண்டும்?

நாயின் கடமை குரைத்து எச்சரித்தலே. பன்றியோடு பொருதல் அன்று. வளர்ந்த ஆண் பன்றியின் கோரைப்பற்கள் பெருநாயையும் கிழித்துவிடும். 30 கிலோ நாய் 15 கிலோ நாயிலும் பார்க்க ஒன்றரை மடங்குக்கு மேல் உண்ணும். ஆனால் குரலில் அவ்வளவு வேறுபாடு இல்லை. ஆகவே எமது வெப்பத்துக்குப் பழகிய, 12 முதல் 18 கிலோ வரை வளரக்கூடிய ஊர்நாயே பெரும்பாலான கமங்களுக்குப் போதுமானது.

நினைவிற் கொள்க:

தாயைப் பாராது குட்டி எடுக்கவேண்டாம். 16 கிழமையில் நிறுத்து எழுதி வையுங்கள். குறித்த காலத்தில் விசர்நோய்த் தடுப்பூசி போடுவித்து, ஆண்டுதோறும் அதனைத் தொடருங்கள். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உங்கள் வீட்டு அடுப்பு எத்தனை வயிற்றுக்குப் போதும் என்பதை அறிந்தபின்னரே குட்டியைக் கையில் எடுங்கள்.