வானொலி மாறிய காலம்

நுழையும்முன்

மாணவர்களே! உங்கள் வீட்டில் பெரியவர்கள் எவரேனும் ‘சிலோன் ரேடியோ’ என்று சொல்லக் கேட்டதுண்டா? அந்தப் பெயரைச் சொல்லும்போதே அவர்கள் முகம் மலர்வதைக் கண்டிருப்பீர்கள். சொந்த ஊரை விட்டு வேற்றுமொழி வழங்கும் நிலத்தில் வாழ வந்தோர்க்கு வானொலி ஒரு நல்ல துணையாக விளங்கியது. அந்த வானொலி தன் நிகழ்ச்சிகளை மாற்றியபோது என்ன நேர்ந்தது? அறிவிப்பாளர் தவறியபோது என்ன செய்தனர்? இவற்றை இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

எல்லை அறியாத அலைகள்

மேற்குத் தொடர்ச்சி மலையில் நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி ஒன்று உள்ளது. அதுவே பாலக்காட்டுக் கணவாய். இக்கணவாய் வழியாகக் காற்றும் மழைமேகமும் மட்டுமன்றி வானொலி அலைகளும் வந்து செல்கின்றன. அதனால்தான் கோயம்புத்தூரிலிருந்து ஒலிபரப்பாகும் தமிழ் நிகழ்ச்சிகளை வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லையோர ஊர்களில் கேட்க முடிகிறது.

இடுக்கி மாவட்டத்தின் நிலை வேறு. அங்கே மலையே தடை, மலையே துணை. பண்பலை அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் செல்லும் இயல்புடையவை. ஒலிபரப்புக் கோபுரம் எவ்வளவு உயரத்தில் அமைகிறதோ, அவ்வளவு தொலைவுக்கு அவை எட்டும். கடல்மட்டத்திலிருந்து 2000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் உள்ள கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒலிபரப்பாகும் பண்பலை, சமவெளியில் நெடுந்தொலைவு வரை கேட்பதற்கு இதுவே காரணம். ஆயினும், உயர்ந்த முகட்டின் மறைவில் உள்ள பள்ளத்தாக்கில் அதே அலை எட்டாமற் போகலாம். ஒரே தேயிலைத் தோட்டத்தில் மேட்டில் உள்ள வீட்டில் பாட்டுக் கேட்கும். கீழே உள்ள வீட்டில் இரைச்சல் மட்டுமே கேட்கும். தமிழும் மலையாளமும் கலந்து வாழும் இம்மலைநாட்டில் தேவிகுளம் வானொலி நிலையம் இரு மொழிகளிலும் நிகழ்ச்சிகளை வழங்கி வருகிறது.

பண்பலை வருவதற்கு முன்னர், தொலைதூர ஒலிபரப்புக்குச் சிற்றலையே பயன்பட்டது. சிற்றலைகள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பாலும் வந்து சேரும். இந்த இயல்புதான் கடலுக்கு அப்பாலிருந்த ஒரு நிலையத்தை நம் மலைநாட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தது. அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதைக் காண்போம்.

பாட்டு நின்றது, முள் திரும்பியது

1952-ஆம் ஆண்டு பி. வி. கேஸ்கர் நடுவண் அரசின் தகவல் ஒலிபரப்புத் துறை அமைச்சரானார். திரைப்பாடல்கள் மக்களின் இசைச் சுவையைத் தாழ்த்துகின்றன என்பது அவர் கருத்து. எனவே, அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்களுக்கு அளிக்கப்பட்ட நேரம் குறைக்கப்பட்டது. திரைப்படத் தயாரிப்பாளர்களோடு கருத்து வேறுபாடும் எழுந்தது. விரைவில் திரைப்பாடல்கள் அவ்வானொலியிலிருந்து ஏறத்தாழ மறைந்தே போயின. அவற்றின் இடத்தில் செவ்வியல் இசை நிகழ்ச்சிகள் பெருகின.

இம்மாற்றத்தால் நன்மை விளையவில்லை என்று கூற இயலாது. அரசர்களின் ஆதரவை இழந்திருந்த இசைக் கலைஞர்கள் பலர்க்கு வானொலி வாழ்வளித்தது. சிற்றூரில் இருந்தவர்களும் பெரும் வித்துவான்களின் இசையைக் கேட்டனர். எனினும், நாள் முழுவதும் உழைத்து மாலையில் களைப்புடன் அமர்ந்தவர்கள் தாம் விரும்பிய பாட்டைக் கேட்கவும் ஏங்கினர். அவர்கள் வானொலிப் பெட்டியை அணைத்துவிடவில்லை. அலைவரிசை காட்டும் முள்ளைத் திருப்பினர்.

முள் சென்று நின்ற இடம் இலங்கை வானொலி. இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் கொழும்புக்கு வடக்கே வலிமை மிக்க சிற்றலைக் கருவிகளை நிறுவியிருந்தது. போர் முடிந்தபின் அவை இலங்கை அரசின் கைக்கு வந்தன. 1950-இல் அந்நிலையம் வர்த்தக ஒலிபரப்பைத் தொடங்கியது. விளம்பரங்களுக்கு இடையே திரைப்பாடல்கள் ஒலித்தன. தமிழ், இந்தி, ஆங்கிலம் எனப் பல மொழிகளில் அதன் குரல் இந்தியாவுக்குள் வந்தது. வர்த்தக ஒலிபரப்பின் முதல் தமிழ் அறிவிப்பாளராகிய எஸ். பி. மயில்வாகனன், பின்னர் வந்த கே. எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி. எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல்கள் தமிழகத்து வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் நன்கு அறிமுகமாயின.

அகில இந்திய வானொலி இதனை உணர்ந்தது. 1957-ஆம் ஆண்டு அக்டோபர் 3-ஆம் நாள் ‘விவித பாரதி’ என்னும் புதிய ஒலிபரப்பைத் தொடங்கியது. பாடல்களுக்கும் நாடகங்களுக்கும் நேயர் விருப்பத்திற்கும் அதில் இடம் கிடைத்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 1967-இல் விளம்பரங்களும் அதில் இடம்பெறத் தொடங்கின. எந்தப் பாட்டை விலக்கியதோ அதே பாட்டைக் கொண்டு பிரிந்து சென்ற நேயர்களை வானொலி மீண்டும் அழைத்தது. இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இலங்கை வானொலியோடு பழகிய நேயர்கள் பலர் அதனை விட்டுவிடவில்லை. இரண்டையும் மாறி மாறிக் கேட்டனர்.

நேயர்க்கு எது நல்லது என்று நிலையம் எண்ணிப் பார்ப்பதில் தவறில்லை. நேயரிடம் கேளாமலே முடிவு செய்யும்போதுதான் அவர் விலகிச் செல்கிறார். 1952-க்கும் 1957-க்கும் இடையே நிகழ்ந்தவை இதனையே உணர்த்துகின்றன.

தடங்கலுக்கு வருந்துகிறோம்

அக்காலத்து ஒலிபரப்பில் பெரும்பகுதி நேரலையாகவே நிகழ்ந்தது. பேசிய சொல்லைத் திரும்பப் பெற வழியில்லை. எனவே, வேடிக்கையான தவறுகளும் நேர்ந்தன.

இசைத்தட்டுகள் ஒரே வேகத்தில் சுழல்வன அல்ல. நிமிடத்திற்கு 78 முறை சுழல்வன, 45 முறை சுழல்வன, 33 முறைக்குச் சற்று மிகுதியாகச் சுழல்வன எனப் பலவகை உண்டு. மெதுவாகச் சுழல வேண்டிய தட்டை விரைவாகச் சுழலவிட்டால் கம்பீரமான ஆண்குரல் சிறுவன் குரல்போல் கீச்சிடும். விரைவாகச் சுழல வேண்டியதை மெதுவாகச் சுழலவிட்டால் இனிய பெண்குரல் உறக்கத்தில் முனகுவதுபோல் இழுபடும். தட்டில் கீறல் விழுந்திருந்தால் ஊசி அதே பள்ளத்தில் சிக்கிக்கொள்ளும். பாடலின் ஒரு சொல் திரும்பத் திரும்ப ஒலிக்கும். சொன்னதையே சொல்லிக்கொண்டிருப்பவரைக் ‘கீறல் விழுந்த இசைத்தட்டு’ என்று கேலி செய்யும் வழக்கு இதிலிருந்து பிறந்ததே.

ஒலிவாங்கியை அணைக்க மறந்தால் அறிவிப்பாளரின் இருமலும் காகிதச் சலசலப்பும் வீடுதோறும் கேட்கும். மின்சாரம் நின்றால் பாட்டும் பாதியில் நிற்கும். சிற்றலையில் ஒலி ஏறியும் இறங்கியும் வரும். சில வேளைகளில் மற்றொரு நாட்டின் நிலையம் குறுக்கே புகுந்து பேசும். நிலையத்தில் கோளாறு நேர்ந்தால், அது சீரானதும் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்னும் அறிவிப்பு வரும். இரண்டே சொற்கள்தாம். நேயர் காத்திருந்தார் என்பதை நிலையம் அறிந்திருக்கிறது என்னும் பொருள் அவற்றில் அடங்கியிருந்தது.

நா தவறுதலும் உண்டு. தமிழில் ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். ‘மனம்’ என்பது உள்ளம். ‘மணம்’ என்பது நறுமணம் அல்லது திருமணம். ‘அரம்’ என்பது கருவி. ‘அறம்’ என்பது நல்வழி. செய்தி வாசிப்போர் இவ்வேறுபாட்டைக் காப்பதில் மிகுந்த கவனம் செலுத்தினர். தில்லியிலிருந்து பல ஆண்டுகள் தமிழ்ச் செய்தி வாசித்த சரோஜ் நாராயணசுவாமி தம் தெளிவான உச்சரிப்பால் புகழ்பெற்றார். அச்செய்தியறிக்கைகளைக் கேட்டே தம் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொண்டவர்களும் உண்டு.

செய்தி பிழையானால்

பாட்டில் நேரும் தவறு சிரிப்பைத் தரும். செய்தியில் நேரும் தவறு அத்தகையதன்று.

1979-ஆம் ஆண்டு மார்ச் மாதம், விடுதலைப் போராட்ட வீரர் ஜெயப்பிரகாஷ் நாராயண் மும்பை மருத்துவமனையில் சிகிச்சை பெற்று வந்தார். அவர் மறைந்துவிட்டார் என்று பிழையான தகவல் தில்லியை அடைந்தது. பிரதமர் மொரார்ஜி தேசாய் அதனை நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அவை ஒத்திவைக்கப்பட்டது. வானொலியின் வழக்கமான நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. பள்ளிகளும் கடைகளும் மூடப்பட்டன. ஆனால், அவர் உயிருடன்தான் இருந்தார். அவர் மறைந்தது அவ்வாண்டு அக்டோபர் 8-ஆம் நாள்தான். உயர்ந்த இடத்திலிருந்து வந்த செய்தி என்பதனால் மட்டும் அது உண்மையாகிவிடாது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. 1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் மாலை, பி.பி.சி. வானொலியின் செய்தி நேரம் வந்தது. இன்று செய்தி எதுவும் இல்லை என்று அறிவிப்பாளர் கூறினார். எஞ்சிய நேரத்தில் பியானோ இசை ஒலித்தது. இந்நாளில் இதனைக் கேட்போர் நகைக்கக்கூடும். எனினும், சொல்லத்தக்க செய்தி இல்லாதபோது நேரத்தை நிரப்புவதற்காக எதையும் சொல்லாதிருந்ததும் ஒரு நேர்மையே.

இன்றைய மாற்றம்

1977-ஆம் ஆண்டு சூலை 23-ஆம் நாள் சென்னையில் பண்பலை ஒலிபரப்பு தொடங்கியது. இந்தியாவில் பண்பலை முதன்முதலில் ஒலித்த நகரம் அதுவே. இரைச்சலற்ற தெளிவான ஒலியை அது தந்தது. பின்னர்த் தனியார் நிலையங்கள் பெருகின. அறிவிப்பாளரின் நிதானமான தமிழ் மறைந்து, விரைவான கலப்புமொழிப் பேச்சு பல நிலையங்களில் இடம்பிடித்தது. இன்றோ கைபேசியிலேயே உலகின் எந்த மூலையில் உள்ள நிலையத்தையும் கேட்கலாம்.

அப்படியாயின் உள்ளூர் நிலையம் எதற்கு என்று நீங்கள் வினவலாம். உங்கள் மலைப்பாதையில் மண் சரிந்ததையும், நாளை பள்ளி விடுமுறை என்பதையும், ஏலக்காயின் இன்றைய விலையையும் அயலூர் நிலையம் சொல்லாது. கனமழையில் மின்சாரமும் இணையமும் நின்றபோதும், மின்கலத்தில் இயங்கும் சிறு வானொலிப் பெட்டி பேசும். அது உங்கள் பாட்டிக்குப் புரியும் மொழியில் பேசுகிறதா என்பது அவ்வேளையில் சிறிய கேள்வியன்று. ஆகவே, ஒரு நிலையம் ஒரு மொழிக்குரிய நேரத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் அது நேயரின் வாழ்வைத் தொடும். அம்மாற்றம் நல்லதாயின் பாராட்டியும், குறையாயின் பணிவுடன் எடுத்துக்காட்டியும் கடிதம் எழுதுவது நேயரின் உரிமை, கடமையும் ஆகும்.

சொல்லும் பொருளும்

நேயர் – வானொலியை விரும்பிக் கேட்பவர்
அலைவரிசை – ஒரு நிலையத்திற்கு உரிய அலையின் அளவு
முகடு – மலையின் உச்சி
ஒலிவாங்கி – பேசுவோரின் ஒலியை ஏற்கும் கருவி
தடங்கல் – இடையூறு
நடுவண் அரசு – மத்திய அரசு

மொழியை அறிவோம்

வான் + ஒலி = வானொலி. முதற்சொல்லின் இறுதியில் உள்ள ‘ன்’ என்னும் மெய்யோடு, அடுத்த சொல்லின் முதலில் உள்ள ‘ஒ’ என்னும் உயிர் சேர்ந்து ‘னொ’ ஆயிற்று. இவ்வாறே தேன் + அடை என்பதைச் சேர்த்து எழுதுக.

‘ழ’ என்னும் ஒலி தமிழுக்கும் மலையாளத்திற்கும் பொதுவானது. மழை, வழி, புழு ஆகிய தமிழ்ச் சொற்களை உங்கள் மலையாள நண்பர் எவ்வாறு ஒலிக்கிறார் என்று கேட்டு ஒப்பிடுக.

மதிப்பீடு

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. கொடைக்கானல் பண்பலை நெடுந்தொலைவு கேட்பதற்குக் காரணம் யாது?
2. விவித பாரதி எந்நாளில் தொடங்கப்பட்டது?
3. ‘கீறல் விழுந்த இசைத்தட்டு’ என்னும் வழக்கின் பொருள் என்ன?

ஆ. ஒரு பத்தி அளவில் விடை எழுதுக.
1. 1952-இல் நிகழ்ந்த மாற்றத்தால் விளைந்த நன்மை ஒன்றையும் இழப்பு ஒன்றையும் விளக்குக.
2. 1979-இலும் 1930-இலும் நிகழ்ந்தவற்றை ஒப்பிட்டு, செய்தி சொல்வோர்க்கு அவை உணர்த்தும் கடமையை எழுதுக.

இ. பொருள் வேறுபாடு தோன்றத் தொடர் அமைக்க.
மனம் – மணம். அரம் – அறம். விலை – விளை. பரவை – பறவை

ஈ. கேட்டு எழுதுக.
உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ உள்ள முதியவர் ஒருவரிடம், அவர் இளமையில் கேட்ட வானொலி நிகழ்ச்சிகளைப் பற்றிக் கேளுங்கள். எந்த நேரம், எந்த நிலையம், யாருடன் அமர்ந்து கேட்டார், அந்நிகழ்ச்சி நின்றபோது என்ன செய்தார் ஆகிய நான்கு வினாக்களுக்கும் விடை பெற்று எழுதுங்கள். அவர் கூறிய சொற்களை மாற்றாமல் எழுத முயலுங்கள்.

உ. கடிதம் எழுதுக.
உங்கள் பகுதியில் கேட்கும் வானொலி நிலையத்தின் இயக்குநருக்கு, சிறுவர்க்கான தமிழ் நிகழ்ச்சி ஒன்றைத் தொடங்க வேண்டிக் கடிதம் எழுதுங்கள். அது எந்நாளில், எந்நேரத்தில், எவ்வளவு நேரம் அமைய வேண்டும் என்பதையும், அதில் நீங்கள் என்ன வழங்க இயலும் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள்.