வீட்டின் அளவைத் தெரிந்துகொள்

பனமலை,
தை மாதம்.

அன்பு மகளுக்கு,

பெரியப்பா எழுதுகிறேன்.

மளிகைக்கும் காய்கறிக்குமே சம்பளத்தில் பெரும்பங்கு போய்விடுகிறது, திண்டிவனத்தில் எந்தக் கடை மலிவு என்று போனில் கேட்டாய். போனில் சொன்னால் பாதி மறந்துபோகும். அதனால்தான் எழுதுகிறேன். பத்திரமாக வைத்துக்கொள்.

மலிவான கடையைத் தேடி அலைவதில் மிச்சமாவது கொஞ்சம்தான், கண்ணு. என்ன வேண்டும், எவ்வளவு வேண்டும் என்று தெரியாமல் வருகிறவர்கள் எந்தக் கடைக்குப் போனாலும் கூடுதலாகக் கொடுத்துவிட்டுத்தான் வருவார்கள். மளிகைக் கடையில் தராசுக்குப் பின்னால் நின்றே என் காலம் போயிற்று. அங்கே நின்று நான் கண்டது இதுதான். உன் வீட்டின் அளவு உனக்குத் தெரிந்துவிட்டால் பட்டியல், கடை, விலை எல்லாம் தானாகச் சரிப்படும்.

அந்த அளவை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு நோட்டு போடு. புதுப் பொட்டலம் பிரிக்கும்போதெல்லாம் பொருளின் பெயர், எடை, தேதி மூன்றையும் எழுது. அது தீர்ந்த நாளையும் எழுது. அழுகிப் போன தக்காளி, வண்டு விழுந்த ரவை, பிரிக்காமலே கிடக்கும் மசாலா பொட்டலம் இவற்றையும் விடாமல் எழுது. ஒரு மாதம் எழுதிப் பார்த்தால் எது வீட்டுக்கு வேண்டியது, எது ஆசைக்கு வந்தது என்று உனக்கே தெரியும்.

அந்தக் கணக்கை ஒத்துப் பார்க்க ஒரு அளவுகோல் தருகிறேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் உணவு வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. நாளைக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு அரிசி, கோதுமை, கேழ்வரகு எல்லாம் சேர்த்து 250 கிராம், பருப்பு 85 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம், பால் 300 மில்லி, எண்ணெய் 27 கிராம், கடலை போன்ற கொட்டைகள் 35 கிராம் என்று அதில் சொல்லியிருக்கிறார்கள். முட்டை, மீன், கறி சாப்பிடுகிற நாளில் பருப்பைக் குறைத்துக்கொள்ளலாம். உடம்பு வருந்த உழைப்பவர்களுக்குச் சோறு கூடுதலாக வேண்டும்.

இதை இரண்டு பேருக்கு மாதக் கணக்காகப் போட்டுப் பார்த்தேன். தானியம் 15 கிலோ வருகிறது, பருப்பு வகை 5 கிலோ. எண்ணெய் 1,620 கிராம். ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம் அளவில் நிற்கும் என்பதால் இரண்டு லிட்டர்கூட வேண்டியதில்லை. என் கடைக்கு வந்த வீடுகளில் பெரும்பாலும் கணக்கு தலைகீழாக இருக்கும். எண்ணெய் நாலு லிட்டர் போகும், பருப்பு இரண்டு கிலோவோடு நின்றுவிடும். எண்ணெயையும் சர்க்கரையையும் குறைத்தாலே பருப்புக்குப் பணம் வந்துவிடும்.

அடுத்தது ரேஷன். உன் பெயர் இன்னும் உன் அப்பா வீட்டு அட்டையிலேயே இருக்கிறது. அதை நீக்கி, மாப்பிள்ளை பெயரையும் அவர் வீட்டு அட்டையில் நீக்கி, இரண்டு பேருக்கும் சேர்த்துப் புது அட்டைக்கு விண்ணப்பம் கொடு. இ-சேவை மையத்தில் செய்து தருவார்கள். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை கிலோ 25 ரூபாய் என்று தருகிறார்கள். அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். வெளியில் துவரம் பருப்பு என்ன விலை விற்கிறது என்று உனக்கே தெரியும். ரேஷன் கடைக்குப் போக வெட்கப்படாதே. அது நமக்காக அரசு வைத்த கடை. ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்து ஊறப்போட்டால் தோசை நன்றாகவே வரும். ஒரு கிலோ அரிசிக்குக் கால் கிலோ உளுந்து போட்டு அரைத்தால் ஏறக்குறைய மூன்று கிலோ மாவு கிடைக்கும். கடையில் விற்கும் மாவுப் பாக்கெட்டின் விலையோடு அதை ஒப்பிட்டுப் பார். பொருள் வாங்கியதும் செல்போனுக்குக் குறுஞ்செய்தி வரும். வாங்காத பொருளை வாங்கியதாக வந்தால் 1967 என்ற எண்ணுக்குப் புகார் சொல்.

எப்போது வாங்குவது என்பதும் முக்கியம். விளைச்சல் வரும்போது விலை இறங்கும், பொருளும் புதிதாக இருக்கும். இப்போது தை. துவரையும் உளுந்தும் சந்தைக்கு வரும் காலம். நம் விழுப்புரம் பக்கத்து உளுந்துக்கு நல்ல பெயர் உண்டு. மாசி, பங்குனியில் புதுப் புளியும் புது மிளகாயும் வரும். கார்த்திகைப் பட்டத்துக் கடலை பங்குனி, சித்திரையில் பிடுங்குவார்கள். புளி, மிளகாய், மல்லி இந்த மூன்றையும் வருடத்துக்கு வேண்டியதை அப்போதே வாங்கி வெயிலில் காயவைத்து வைத்துவிடு. புளியைக் கொட்டை எடுத்துக் கல்லுப்பு போட்டு ஜாடியில் அடக்கு. பருப்பில் இரண்டு துண்டு வசம்பு போட்டு வை. மாவு, ரவை, எண்ணெய் இவற்றை மட்டும் மாதத்துக்கு மேல் சேர்க்காதே. மழைக்காலத்தில் புழு வைத்துக் குப்பைக்குப் போகும் ரவையை எவ்வளவு மலிவாக வாங்கியிருந்தாலும் நஷ்டம்தான்.

செக்கெண்ணெய் வேண்டுமென்றால் ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு லிட்டர் கடலெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ நிலக்கடலைப் பருப்பு ஆட்ட வேண்டும். பிண்ணாக்கு விற்கும் காசைக் கழித்தாலும் அடக்கவிலை உனக்குத் தெரிந்துவிடும். அதற்கும் கீழே ஒருவர் செக்கெண்ணெய் விற்றால் வாங்காதே.

கடைக்குள் போனபின் கண்ணால் பார்க்க வேண்டியவை சில உண்டு. பொட்டலத்தின் மேல் எம்ஆர்பிக்குப் பக்கத்தில் ஒரு கிராம் அல்லது ஒரு கிலோ என்ன விலை என்று போட்டிருக்கும். அதைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். இந்த அளவில்தான் அடைக்க வேண்டும் என்று பல பொருட்களுக்கு முன்பு இருந்த விதி இப்போது இல்லை. அதனால் ஒரு லிட்டர் போலவே தெரியும் எண்ணெய்ப் பாக்கெட்டில் 800 கிராம்தான் இருக்கக்கூடும். கிலோ விலையைப் பார்த்து ஒப்பிடு. பெரிய பொட்டலம் என்றால் மலிவு என்றும் நம்பிவிடாதே. ஷாம்பு பல சமயம் புட்டியைவிடச் சின்ன பாக்கெட்டில்தான் மலிவாக வரும்.

அரிசியில் 26 கிலோ சிப்பம் ஏன் வந்தது தெரியுமா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரை அடைத்துப் பெயர் போட்டு விற்கும் அரிசிக்கும் பருப்புக்கும் 5 சதவீதம் ஜிஎஸ்டி உண்டு. அதற்கு மேல் எடையுள்ள சிப்பத்துக்கு இல்லை. சில்லறையாக நிறுத்து விற்பதற்கும் இல்லை. இரண்டு பேருக்கு 26 கிலோ இரண்டு மாதம் வரும் என்றால் மேல்வீட்டுக்காரர்களோடு பாதியாகப் பிரித்துக்கொள். சில்லறையாக வாங்கும்போது தராசு சுழியத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு நிறுக்கச் சொல். எம்ஆர்பிக்கு மேல் யாரும் வாங்கக்கூடாது. வாங்கினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

காய்கறிக்கு உழவர் சந்தைக்குப் போ. 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் சந்தை திறந்தார்கள். பிறகு விழுப்புரம், திண்டிவனம் என்று பல ஊர்களிலும் வந்தது. தரகர் கிடையாது. அன்றன்றைய விலையைப் பலகையில் எழுதிவைப்பார்கள். காலையில் சீக்கிரம் போனால்தான் நல்ல காய் கிடைக்கும். வாரத்துக்கு இரண்டு முறை போ. ஒரேயடியாக வாங்கி அழுகவிடாதே. தெருவில் கீரை கொண்டுவரும் அம்மாவிடம் மட்டும் பேரம் பேசாதே. பொட்டலத்தில் அச்சடித்த விலையை மறுபேச்சு பேசாமல் கொடுக்கிற நாம், வெயிலில் கூடை சுமந்து வருகிறவரிடம் இரண்டு ரூபாய் குறைத்து என்ன சேர்க்கப்போகிறோம்? அந்தக் காசு நமக்கு வேண்டாம்.

கடன் விஷயத்தில் கண்டிப்பாக இரு. கடையில் நோட்டு வைத்து வாங்குகிறவர்கள் விலை கேட்பதில்லை. கேட்கத் தயக்கமாக இருக்கும். வேறு கடைக்குப் போகவும் முடியாது. அவர்கள் சாமான் எப்போதும் ஒரு மடங்கு கூடவே இருக்கும். செல்போனில் தட்டிக் காசு கொடுப்பதிலும் இதே ஆபத்து இருக்கிறது. மாத மளிகைக்கென்று ஒதுக்கிய பணத்தை ரொக்கமாக எடுத்து ஒரு டப்பாவில் வை. அது குறைவது கண்ணுக்குத் தெரியும்.

தீபாவளி மளிகைச் சீட்டு என்று யாராவது வந்தால் சேராதே. செய்யாறு, வந்தவாசிப் பக்கம் 2022 தீபாவளிச் சீட்டில் எத்தனையோ குடும்பங்கள் பணத்தை இழந்தன. பண்டிகைக்குச் சேர்க்க வேண்டுமானால் வங்கியில் தொடர் வைப்பாகப் போடு.

சில இடங்களில் மிச்சம் பிடிக்கவே கூடாது. பருப்பு, முட்டை, பால், கீரை, பழம் இவற்றில் கை வைக்காதே. மரக்காணத்து உப்பளம் பக்கத்திலேயே இருந்தாலும் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பையே வாங்கு. மாப்பிள்ளைக்குப் பரிமாறிவிட்டு மிஞ்சியதைச் சாப்பிடும் பழக்கம் உனக்கு வேண்டாம். நம் வீட்டுப் பெண்கள் பல பேர் தங்கள் வயிற்றைக் குறைத்துத்தான் குடும்பத்துக்கு மிச்சம் பிடித்தார்கள். அதைச் சிக்கனம் என்று யாராவது உனக்குச் சொல்லிக்கொடுத்தால் ஏற்றுக்கொள்ளாதே. இரண்டு பேரும் சேர்ந்து பட்டியல் போடுங்கள், சேர்ந்து கடைக்குப் போங்கள், ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் முதல் பங்கை உங்கள் தட்டுக்கே திருப்பிக் கொடு. வாரத்துக்கு நாலு முட்டை கூடட்டும், இரண்டு கொய்யா கூடட்டும். அதற்கு மேல் நிற்பதைச் சேமிப்பில் போடு. இந்த மாதம் எதையும் மாற்ற வேண்டாம். எழுத மட்டும் செய். மாசி பிறந்ததும் நோட்டோடு வா. புளி வாங்க நாம் சேர்ந்தே போகலாம்.

இப்படிக்கு,
உன் அன்புள்ள பெரியப்பா.